சுழியம் இரட்டையா?

பயான் லெப்பாஸ் விடுதியொன்றில் ஊக்கமூட்டும் பட்டறை.
சனிக்கிழமை. கட்டாய வருகை.
ஆளுக்கொரு மஞ்சள் ஒட்டுத்தாள் தந்து
ஆண்டு முழுக்க உங்களை ஓட வைப்பது எது,
ஒரே சொல்லில் எழுதுங்கள் என்றார்கள்.
அன்பு என்று எழுதினார்கள். சேவை என்று எழுதினார்கள்.
குணாளன் சார் தமிழ் என்று எழுதி
அடியில் இரண்டு கோடும் போட்டார்.
நான் மோட்டார் தவணை என்று எழுதினேன்.
அது இரண்டு சொல் என்றார்கள்.

பொய் சொல்லவில்லை.
ஆனால் தவணை ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது.
அதன் பிறகும்
பட்டர்வொர்த்தில் ஆறரை ஃபெரியில்தான் நிற்கிறேன்,
மழைச்சட்டைக்குள் முப்பத்தொரு கணிதப் பயிற்றேடுகளை
வயிற்றோடு அணைத்தபடி.
எந்தக் கரையும் என்னைக் கூப்பிடாத
சில நிமிடங்கள் அவை.
ஆகஸ்டில் புகைமூட்டம் வந்தபோது
தீவு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமேயில்லை.
அப்படியும் எல்லோரும்
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு
வண்டியைக் கிளப்பத் தயாராக நின்றோம்.

மேசை இழுப்பறையில் இடமாற்ற மனு.
மூன்று வருடமாக நிரப்பி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.
காரணம் என்ற கட்டம் மட்டும்
ஏனோ கட்டைவிரல் அகலம்தான்.

சர்வினா, ஆண்டு நான்கு, ஜன்னலோர வரிசை.
கெட்டிக்காரி என்று யாரும் சொன்னதில்லை.
ஏழாம் வாய்ப்பாடு இன்றுவரை அவளை ஏமாற்றுகிறது.
மார்ச்சில் ஒரு நாள், கை தூக்காமலே கேட்டாள்:
சுழியம் ஒத்தையா ரெட்டையா டீச்சர்?
இரட்டை என்றேன். ஏன் என்றாள்.
ஜோடி ஜோடியாக நிறுத்து,
யாரும் தனியாக மிஞ்சாவிட்டால் இரட்டை.
சுழியத்தில் யாராவது மிஞ்சுகிறார்களா?
மிஞ்சல டீச்சர். ஆனா
யாருக்கும் ஜோடியும் கெடைக்கலயே.

மணி என்னைக் காப்பாற்றியது.

அடுத்த வாரம் எண்கோட்டை வரைந்து காட்டினேன்,
ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வரும் என்று.
நெற்றியைச் சுருக்கினாள்.
அது எங்க நிக்கிதுன்னுதானே சொல்றீங்க,
என்னான்னு சொல்லலயே.

வெள்ளிக்கிழமைப் பாடத்திட்டத்தைப் பதிவேற்ற மறந்து
அன்றிரவு பதினொன்றரை வரை
ஒன்றுமில்லாததைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.
கணவர் விளக்கை அணைக்கச் சொன்னார்.
சுழியம் இரட்டையா என்று கேட்டேன்.
நாளைக்கு எண்ணெய் ஊத்தணும் வண்டிக்கு என்றார்.

பிறகு, இரண்டால் வகுத்துக் காட்டினேன்.
இரண்டு பேருக்குச் சமமாகப் பிரிக்க முடிந்தால் இரட்டை.
சுழியத்தைப் பிரி: உனக்குச் சுழியம், அவனுக்குச் சுழியம்.
கொஞ்ச நேரம் கூரை விசிறியைப் பார்த்துவிட்டு
முகமெல்லாம் சிரிப்பானாள்.
இது புரியுது டீச்சர்.
ஓவர்டைம் இல்லாத மாசம்
அப்பா எனக்கும் தம்பிக்கும் இப்படித்தான்லா,
சரிபாதியாப் பிரிச்சுத் தருவாரு.

வகுப்பே சிரித்தது. அவளும்தான்.
நகைச்சுவையாகத்தான் சொன்னாள்.
நான் திரும்பி, வெண்பலகையில்
ஏற்கெனவே அழிந்திருந்ததை
இன்னொரு முறை அழித்தேன்.

இரக்கம் வந்ததால் தங்கிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.
இரக்கம் நோன்புப் பெருநாள் விடுமுறைவரைகூடத் தாங்காது.
நேற்று, மை தீர்ந்த மார்க்கரை உதறி உதறி
நான் எழுதிக்கொண்டிருந்தபோது
முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது:
அப்ப சுழியத்தச் சுழியத்தாலயே வகுத்தா டீச்சர்?
யாருமே இல்ல, ஒண்ணுமே இல்ல,
ஆளுக்கு எவ்வளவு?

திங்கட்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

இன்று ஃபெரியில் தாள் தேடினேன்.
பையில் அகப்பட்டது அந்த மனுதான்.
பின்பக்கம் சுத்தமாக இருந்தது.
ஒன்று என்று எழுதி அடித்தேன்.
சுழியம் என்று எழுதி அடித்தேன்.
எதைச் சொன்னாலும் பொருந்துகிறது,
அதுதான் சிக்கல் என்று எழுதும்போது
பென்சில் முனை ஒடிந்தது.
பக்கத்தில் மோட்டாரோடு நின்றவரிடம்
பேனா இருக்குமா என்று கேட்டேன்.